கோவையில் கடை பிடிக்கும் முன்: ஷட்டருக்கு வெளியே பத்தடி

போன ஆடி மாதம் என் நாத்தனார் மகள் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கடை பார்த்துவிட்டு வந்து, "அத்தை, நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கறேன், ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயிருங்க" என்றாள். ஆரி வேலை செய்த பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் கடை வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நாலு வருடமாக வீட்டிலேயே தைக்கிறாள். நல்ல கை.

போய்ப் பார்த்தேன். புதுக் கட்டடம். பளபளவென்று டைல்ஸ், முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதற்கு மேலே ஏசிபி ஷீட் எனும் அலுமினியப் பலகை. அவள் உள்ளே நின்று எந்தச் சுவரில் எந்த அலமாரி என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யு-டர்ன் திரும்பிய வண்டிகள் எல்லாம் வேகம் பிடிக்கும் இடம் அது. அரை மணி நேரத்தில் அந்த வாசலில் ஒரு ஸ்கூட்டிகூட நிற்கவில்லை. நிறுத்தினால் பின்னால் வருகிற பஸ் இடித்துவிடும்.

"வேண்டாம் கண்ணு" என்றேன். அவள் முகம் வாடிப்போனது. அன்றைக்குச் சாயங்காலம் அவளை உட்கார வைத்துச் சொன்னதைத்தான், கோவை மாதிரி வளர்கிற ஊரில் முதல் கடை பிடிக்கப் போகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக மேட்சிங் சென்டர் நடத்துகிறேன். லைனிங், ஃபால்ஸ், ஜிப், பொத்தான், கொக்கி, லேஸ், நூல். முதல் கடை 2003-ல் டவுன்ஹால் பக்கம், ஒப்பணக்கார வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். இரண்டாவது 2014-ல் திருச்சி ரோட்டில். மூன்றாவது, இப்போது இருப்பது, வடவள்ளியில். மூன்று கடையிலும் சரக்கு ஒன்றுதான், கல்லாவில் உட்கார்ந்ததும் நான்தான். வியாபாரம் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது. யோசித்துப் பார்த்தால், நாம் வாடகை கொடுப்பது உள்ளே இருக்கும் இருநூறு சதுர அடிக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் ஷட்டருக்கு வெளியே இருக்கும் பத்தடிக்குத்தான் கொடுக்கிறோம். அந்தப் பத்தடியில் ஒருவர் நிற்க முடியுமா, நிற்கத் தோன்றுமா, மழையில் நிற்க இடம் உண்டா, மூன்று வருடம் கழித்தும் அந்தப் பத்தடி இருக்குமா? கடை பார்க்கப் போனால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நின்று எண்ணுங்கள்

புரோக்கர் கூட்டிப் போகிற நேரத்தில் கடையைப் பார்க்காதீர்கள். அவர் பெரும்பாலும் காலை பத்து பத்தரைக்கு, வெளிச்சம் நன்றாக இருக்கும்போது கூட்டிப் போவார். நீங்கள் தனியாக நான்கு முறை போங்கள். வேலை நாள் ஒன்றில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. இன்னொரு நாள் மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்புறம், கட்டாயமாக, மழை பெய்த ஒரு சாயங்காலம்.

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகளை எண்ண வேண்டாம். அவிநாசி ரோட்டில் நாள் முழுக்க வண்டி ஓடுகிறது, அதனால் அங்கே இருக்கிற எல்லாக் கடையும் ஓடுகிறதா என்ன? வேகம் குறைக்கிறவர்கள், வண்டியை ஓரம் கட்டுகிறவர்கள், நடந்து வருகிறவர்கள், இவர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று தனித்தனியாக. கையில் பை இருந்தால் எந்தக் கடையிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். என் தொழிலில் மதியம் வரைக்கும் டெய்லர்கள், சாயங்காலம் வீட்டுப் பெண்கள். வடவள்ளிக் கடையைப் பிடிக்கும் முன் ஒரு மாலை நின்றபோது, பக்கத்து ஜவுளிக் கடையிலிருந்து ஜாக்கெட் துணிப் பையோடு இறங்கிய பெண்கள் பஸ் ஸ்டாப் வரை நடந்து போனதைப் பார்த்தேன். போகிற வழியில் லைனிங் எடுக்க ஒரு கடையும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கடைக்குப் பேச்சுக் கொடுத்தேன்.

நின்று கால் வலித்தால் பக்கத்து பேக்கரியில் ஒரு டீ குடியுங்கள். கோவையில் பேக்கரி இல்லாத வீதி இல்லை, பேக்கரிக்காரருக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. "அண்ணா, இந்தக் கடைல முன்ன என்னங்க இருந்துச்சு? ஏன் காலி பண்ணாங்க?" என்று கேளுங்கள். இரண்டு வருடத்தில் மூன்று பேர் காலி செய்திருந்தால், காரணம் தெரியாமல் நான்காவது ஆளாகப் போகாதீர்கள்.

எந்தப் பக்கம்

காலையில் டவுனுக்குப் போகிறவர்கள் நிற்க மாட்டார்கள். அலுவலகம், காலேஜ், பள்ளிக்கூடம் என்று அவசரம். சாயங்காலம் வீடு திரும்பும்போதுதான் நிற்பார்கள். அதனால் டவுனிலிருந்து வீட்டுப் பகுதிக்குப் போகிற திசையில், இடது கைப் பக்கம் இருக்கிற கடைக்கு மதிப்பு அதிகம். மருதமலை ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம் தாண்டி வடவள்ளிக்கு வருகிறவர்களுக்கு இடது பக்கம் எதுவோ, அது. எதிர்ப்பக்கக் கடை ஐயாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று சொன்னால், ஏன் குறைவு என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் இது இவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ரோட்டைக் குறுக்கே கடந்து வந்துவிடுவார்கள். கடந்த சில வருடங்களாகக் கோவையில் பல சிக்னல்களை எடுத்துவிட்டு, நடுவில் தடுப்பை மூடி, யு-டர்ன் கொண்டுவந்திருக்கிறார்கள். போக்குவரத்துக்கு அது நல்லதுதான். ஆனால் உங்கள் கடைக்கு எதிரே வருகிறவர் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டும். இருபது ரூபாய் ஜிப்புக்கு யாரும் அப்படி வரமாட்டார்கள். தேடி வருகிற தொழில் என்றால், அதாவது கல்யாணப் பிளவுஸ், பல் டாக்டர், கம்ப்யூட்டர் சர்வீஸ் மாதிரி என்றால், எதிர்ப்பக்கமும் பரவாயில்லை. போகிற போக்கில் வாங்குகிற சரக்கு என்றால் பக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

யு-டர்னிலிருந்து நூறடிக்குள் கடை வேண்டாம். திருப்பத்துக்கு முன்னால் வண்டிகள் வலது ஓரம் ஒதுங்கும். திரும்பியதும் வேகம் எடுக்கும். இரண்டு இடத்திலும் இடது ஓரத்தில் நிறுத்த யாருக்கும் மனசு வராது.

பாலம் வருமா என்று கேளுங்கள்

இதில் நான் நிறையப் பட்டிருக்கிறேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

திருச்சி ரோட்டில் என் இரண்டாவது கடை ஐந்து வருடம் நன்றாக ஓடியது. 2019-ல் ராமநாதபுரத்துக்கும் சுங்கத்துக்கும் இடையே மேம்பால வேலை தொடங்கியது. கடைக்கு எதிரே தகரத் தடுப்பு வைத்தார்கள். வண்டி நிறுத்த இடம் போனது. தூசியில் வெள்ளை லைனிங்கை வெளியே அடுக்க முடியவில்லை. தினமும் துடைத்துத் துடைத்து, கடைசியில் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் போட்டுவிட்டேன். கவர் போட்ட துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது. தொட்டுப் பார்க்காத துணியை யாரும் வாங்குவதில்லை. அதோடு 2020-ல் கொரோனா. பாலம் 2022-ல் திறந்தது. நான் 2021-லேயே காலி செய்துவிட்டேன்.

பாலத்தைக் குறை சொல்லவில்லை. அந்த ரோட்டில் நெரிசலில் நின்றவர்களுக்குத் தெரியும், அது ஊருக்குத் தேவைப்பட்ட பாலம். ஆனால் 2018-ல் நான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அளவு எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கண்ணால் பார்த்தேன். "என்னங்க அளக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

பால வேலை சொன்ன தேதியில் முடிவது அபூர்வம். உக்கடம் – ஆத்துப்பாலம் மேம்பாலம் 2018-ல் தொடங்கி 2024 ஆகஸ்டில் திறந்தது. அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்குப் போகும் ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2020 கடைசியில் தொடங்கி 2025 அக்டோபரில்தான் திறந்தது. மூன்று வருட ஒப்பந்தம் போட்டவருடைய முழுக் காலமும் தகரத் தடுப்புக்குப் பின்னாலேயே போயிருக்கும்.

எப்படித் தெரிந்துகொள்வது? நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திலும் மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் நேரில் போய்க் கேட்கலாம். நானும் என் கணவரும் வடவள்ளிக்கு வரும் முன் அப்படித்தான் கேட்டோம், பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ரோட்டோரச் சுவர்களில் பெயிண்டில் போட்ட எண்கள், அம்புக்குறிகள், புதிதாக நட்ட எல்லைக்கல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கட்டடங்களின் வரிசையைப் பாருங்கள். புதுக் கட்டடங்கள் எல்லாம் உள்வாங்கி நிற்கின்றன, பழையவை மட்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்றால், ரோட்டை அகலப்படுத்தும் எண்ணம் இருக்கலாம். முன்னால் நிற்கிற பழைய கட்டடத்தில் கடை பிடித்தால், ஒரு நாள் உங்கள் கல்லா இருக்கிற இடத்தில் பிளாட்பாரம் வரும்.

பாலம் கட்டி முடிந்த பிறகு நிலைமை வேறு. தூரம் போகிறவர்கள் மேலே போய்விடுவார்கள். கீழே அந்தப் பகுதியில் வேலை இருக்கிறவர்கள் மட்டும் வருவார்கள். சத்தம் குறையும், வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். தூண்களுக்கு நடுவே இருக்கும் பகுதியில் சின்னக் கடைகளுக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். பாலம் ஏறுகிற, இறங்குகிற இடத்தில் மட்டும் வேண்டாம். அங்கே நடுவில் பெரிய சுவர் வரும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்களுக்கு உங்கள் கடை இருப்பதே தெரியாது.

அவிநாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்று சொல்லி வாடகையைக் கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. காகிதத்தில் இருக்கிற திட்டத்துக்கு இன்றைக்கே காசு கொடுக்காதீர்கள். அப்படியே வந்தாலும் முதலில் வருவது தகரத் தடுப்புதான்.

என் இப்போதைய ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பொதுப்பணி காரணமாக வாசலுக்கு வண்டி வர முடியாமல் போனால் அந்த மாதங்களுக்குப் பாதி வாடகை. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் அபராதம் இல்லாமல் காலி செய்யலாம், அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும். கட்டட உரிமையாளர் முதலில் யோசித்தார். திருச்சி ரோட்டுக் கதையைச் சொன்னதும், "சரிங்க்கா, நியாயந்தானுங்க" என்று ஒப்புக்கொண்டார்.

படியும் தண்ணீரும்

இன்ச் டேப் எடுத்துப் போங்கள். ரோட்டு மட்டத்திலிருந்து கடைத் தரை எவ்வளவு உயரம் என்று அளங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டால், ஒவ்வொரு தடவையும் ரோடு இரண்டு மூன்று அங்குலம் உயரும். பத்து வருடம் முன்பு ஓரடி மேலே இருந்த கடை இன்றைக்கு ரோட்டுக்குச் சமமாக நிற்கிறது. அடுத்த ரோடு போட்டால் பள்ளம். தரை, ரோட்டிலிருந்து ஓரடியாவது மேலே இருக்க வேண்டும். மூன்று அடி உயரமும் வேண்டாம். முட்டி வலி இருக்கிற அம்மாக்கள் கீழே நின்றே, "கருப்பு நூல் ரெண்டு குடு கண்ணு" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே வந்தால்தானே நாலு சாமான் கண்ணில் படும்? இரண்டு படி, பக்கத்தில் ஒரு சாய்தளம், அது போதும்.

அந்தப் படி யாருடைய நிலத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். பல கடைகளின் படி சாக்கடைச் சிலாப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அது பொது இடம். சாக்கடை தூர்வார வரும்போதோ நடைபாதை போடும்போதோ இடித்துவிடுவார்கள், இடிப்பது சரியும்தான். படி பட்டா இடத்துக்குள் முடிந்திருந்தால் தலைவலி இல்லை.

நடைபாதை வந்தால் வியாபாரம் போய்விடும் என்று பயப்படுகிற கடைக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாதிரிச் சாலையாக மாற்றி, அகலமான நடைபாதை போட்டு, கார்களுக்கு அடுக்குமாடி பார்க்கிங் கட்டியபோதும் அந்தப் பயம் இருந்தது. காரில் உட்கார்ந்திருப்பவர் என் கடையில் தொங்குகிற லேஸைப் பார்க்க மாட்டார். நடக்கிறவர் பார்ப்பார். நல்ல நடைபாதை இருக்கிற வீதியில் கொஞ்சம் வாடகை கூட என்றாலும் நான் கொடுப்பேன்.

மழை நாளில் போகச் சொன்னேன் இல்லையா, அன்றைக்குக் கடை வாசலை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் வாடிக்கையாளர் வருகிற வழியையும் பாருங்கள். லங்கா கார்னர் ரயில்வே பாலத்துக்கு அடியிலும், அவிநாசி ரோடு பழைய பாலத்துக்கு அடியிலும் பெருமழையில் தண்ணீர் தேங்குவது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி மாதம், தீபாவளி நேரம், எங்கள் தொழிலுக்கு வருடத்தின் முக்கியமான நாட்கள், மழையும் அப்போதுதான். காலியாக இருக்கிற கடையின் உள்சுவரில், தரையிலிருந்து அரையடி உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடினால் அது தண்ணீர் நின்ற அடையாளம். புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஷட்டரின் அடிப்பட்டையைப் பாருங்கள். துரு பொய் சொல்லாது.

வெயில், வெளிச்சம், அளவு

மேற்குப் பார்த்த கடையில் மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வெயில் உள்ளே வரும். என் திருச்சி ரோட்டுக் கடையில் முன்வரிசையில் அடுக்கிய மெரூன் லைனிங் ஒரே கோடையில் மடிப்பு மடிப்பாக வெளுத்துவிட்டது. உள்மடிப்பு மெரூன், வெளிமடிப்பு ரோஸ். துணி, புத்தகம், மருந்து, சாக்லேட் விற்கிறவர்கள் மேற்கைத் தவிருங்கள். முடியாவிட்டால் சன்ஷேடு நீட்ட அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டுகிற காம்ப்ளெக்ஸ்களில் முகப்பு முழுக்கக் கண்ணாடி வைத்துவிட்டு நிழலுக்கு ஒன்றும் வைப்பதில்லை. அந்த வெப்பத்தை ஏசி போட்டுத்தான் விரட்ட வேண்டும், அந்த பில்லைக் கட்டப்போவது வாடகைக்கு இருப்பவர். ராஜ வீதி, பெரிய கடை வீதியில் மிச்சம் இருக்கிற பழைய கடைகளில் முன்னால் ஒரு தாழ்வாரம் இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் நாலு பேர் ஒதுங்குவார்கள், ஒதுங்கியவர்களில் ஒருவர் உள்ளே வருவார். கட்டியவர்களுக்கு வியாபாரமும் தெரிந்திருந்தது, மனுஷரும் தெரிந்திருந்தது.

வடக்குப் பார்த்த கடை என் தொழிலுக்குத் தங்கம். நாள் முழுக்க ஒரே மாதிரி வெளிச்சம். மேட்சிங் பார்க்கிறவர்கள் ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள், டியூப்லைட்டில் நிறம் ஏமாற்றும் என்று தெரியும். அதனால் கல்லாவை உள்ளே தள்ளி, மேட்சிங் பார்க்கும் மேசையை வாசலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். விளக்கு வாங்கும்போது எத்தனை வாட் என்பதோடு சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்கிற எண், எவ்வளவு என்றும் கேட்டு, 90-க்கு மேல் இருப்பதை வாங்குங்கள். நிறம் நிறமாகத் தெரியும். விலை கூடத்தான். "வீட்டுக்குப் போய்ப் பார்த்தா வேற கலரா இருக்குதுங்க" என்று திரும்பி வருகிற துணி நின்றுவிட்டால் அந்தக் காசு வந்துவிடும்.

சதுர அடியை நம்பாதீர்கள். புரோக்கர் சொல்கிற கணக்கில் படிக்கட்டு, வராந்தா, சுவர்த் தடிமன் எல்லாம் சேர்ந்திருக்கும். சுவருக்குச் சுவர் நீங்களே அளங்கள். நடுவில் தூண் இருந்தால் அதைச் சுற்றி வீணாகும் இடத்தையும் கழியுங்கள். ஷட்டர் சுருளுகிற டிரம் மேலே ஒன்றரை அடியைத் தின்றுவிடும். பெயர்ப் பலகையும் பரணும் வைக்க மிச்ச உயரம் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்மென்ட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அனுமதி வாங்கிய வரைபடத்தில் அது கார் நிறுத்தும் இடமா என்று பாருங்கள். பார்க்கிங் என்று காட்டிக் கடையாக மாற்றியிருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் சீல் வைப்பார்கள். உள்ளே இருக்கிற சரக்கு உங்களுடையது.

கழிப்பறை. இதை யாரும் கேட்பதில்லை, நான் கேட்பேன். பல சின்னக் காம்ப்ளெக்ஸ்களில் எட்டுக் கடைக்கு ஒரு கழிப்பறை, அதுவும் பூட்டியிருக்கும். வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுத்தமான, உள்தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை இல்லாத கடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் எடுக்காதீர்கள். அப்படியே உட்கார நாற்காலிக்கும் இடம் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வருவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டியது அது.

பக்கத்தில் யார்

ஒரே தொழில் செய்கிறவர்கள் பக்கத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒப்பணக்கார வீதிக்கு ஜவுளிக்கென்றே வருகிறார்கள், ரங்கே கவுடர் வீதிக்கு மளிகை மொத்த வியாபாரத்துக்கென்றே வருகிறார்கள். கூட்டமாக இருப்பதுதான் அந்த வீதிகளின் பலம். தனியாக நிற்கிற கடைக்கு நீங்களே ஆளைக் கூப்பிட வேண்டும்.

மால் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பெரிய சிறப்பாகச் சொல்வார்கள். புரூக்ஃபீல்ட்ஸ் 2009-ல் வந்தது, சத்தி ரோட்டில் புரோசோன் 2017-ல். மாலுக்கு வருகிறவர் காரோடு உள்ளே போய், காரோடு வெளியே போகிறார். ரோட்டில் கால் வைப்பதில்லை. பஸ் ஸ்டாண்ட் அப்படியில்லை. இறங்குகிற ஒவ்வொருவரும் நடந்துதான் ஆக வேண்டும். காந்திபுரம் கிராஸ்கட் ரோடு வாழ்வது அந்தக் கால்களால்தான். மாலுக்கு நூறடியில் இருக்கும் கடையையும் பஸ் ஸ்டாப்புக்கு நூறடியில் இருக்கும் கடையையும் ஒரே வாடகைக்குக் காட்டினால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன்.

வாசலில் பூக்கார அம்மா உட்கார்ந்திருந்தால் விரட்டாதீர்கள். என் வடவள்ளிக் கடை வாசலில் ஓர் அம்மா மாலையில் பூ விற்கிறார். பூ வாங்க நிற்கிற பெண்களில் பாதிப் பேர் உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். அவருக்குத் தண்ணீரும் மழைக்கு ஒதுங்க இடமும் நான் தருகிறேன், நான் இல்லாத நேரம் கடையை அவர் பார்த்துக்கொள்கிறார்.

காசும் காகிதமும்

கணக்கை முதலில் போடுங்கள். ஒரு நாள் வியாபாரம் எட்டாயிரம், மாதம் 26 நாள் என்றால் 2,08,000. நூற்றுக்கு இருபத்தைந்து நிற்கிறது என்றால் 52,000. வாடகை 20,000, ஒரு ஆள் சம்பளம் 12,000, கரண்ட் 3,000 போக உங்கள் கையில் 17,000. மூன்று நாள் வியாபாரத்துக்கு மேல் வாடகை போனால் உங்கள் உழைப்புக்குக் கூலி நிற்காது. இது என் அனுபவக் கணக்கு. எண்ணிப் பார்த்த ஆட்களை வைத்து வியாபாரத்தை மதிப்பிடுங்கள், ஆசையை வைத்து வேண்டாம். முதல் ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சரக்கு போட வேண்டும்.

வாடகைக்கு மேலே ஜிஎஸ்டி 18 சதவீதம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உரிமையாளர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால் அவர் சேர்த்து வாங்குவார். அவர் பதிவு செய்யாதவராக இருந்து நீங்கள் பதிவு செய்தவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியை நீங்களே கட்ட வேண்டும். வழக்கமான முறையில் வரி கட்டுகிறவர்கள் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில், அதாவது சின்ன வியாபாரிகள் மொத்த விற்பனைக்குக் குறைந்த விகிதத்தில் வரி கட்டுகிற முறையில், இருப்பவர்களுக்கு இப்படித் தாமே கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் பதிவு செய்த உரிமையாளர் வாங்கும் 18 சதவீதத்தை அவர்கள் திரும்ப எடுக்க முடியாது, அது முழுச் செலவு. உங்கள் ஆடிட்டரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, சொத்து வரி ரசீதில் வணிகக் கட்டடம் என்று இருக்கிறதா என்று இரண்டையும் வாங்கிப் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் வரும்போது உரிமையாளர் உங்களைக் கை காட்டுவார். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஊர் வழக்கம் பத்து மாதம். பேசினால் குறையும், எனக்கு ஆறுக்கு இறங்கியது. வாடகை எத்தனை வருடத்துக்கு எவ்வளவு ஏறும், காலி செய்ய எத்தனை மாத அறிவிப்பு, போகும்போது நீங்கள் போட்ட அலமாரியையும் விளக்கையும் எடுத்துப் போகலாமா, மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

என் நாத்தனார் மகள் கடைசியில் அந்தக் கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு, காளப்பட்டி ரோட்டிலிருந்து பிரிகிற ஓர் உள்வீதியில், பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இடம் எடுத்தாள். வாடகை கிட்டத்தட்டப் பாதி. ஆரி வேலைக்கு வருகிறவர்கள் போனில் கேட்டுவிட்டு, நேரம் சொல்லி, தேடி வருகிறவர்கள். அளவு கொடுத்து டிசைன் பார்க்க ஒரு மணி நேரம் உட்காருவார்கள். அவளுக்கு வேண்டியது ரோட்டு முகப்பைவிட வெளியிலிருந்தே தெரிகிற, அகலமான, விளக்கு உள்ள படிக்கட்டும், வடக்கு ஜன்னலும், நல்ல கழிப்பறையும், கீழே ஸ்கூட்டி நிறுத்த இடமும்தான். நான்கும் இருந்தன. தமிழில் பெரிதாக எழுதிய பெயர்ப் பலகையைப் படிக்கட்டின் அடியில், ரோட்டில் வருகிறவர் கண் மட்டத்தில் மாட்டச் சொன்னேன். மாடியில் மாட்டினால் யாரும் தலையை நிமிர்த்திப் பார்ப்பதில்லை.

சாவி வாங்குகிற அன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. உரிமையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கரண்ட் மீட்டரில் இருக்கிற எண்ணையும், சுவர், தரை, ஷட்டர், குழாய் எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து, அங்கேயே நின்று அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்தேன்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பாக்கி இல்லை என்று முந்தைய மின் ரசீதையும் கேளுங்கள். அப்புறம் பால் காய்ச்சலாம்.